பாய்லர் என்ன கொலு பொம்மையா?

பெங்களூர் நண்பர் ஒருத்தர் போன வாரம் போன் பண்ணினார். "தலைவா, என் லேஅவுட்ல நிஜ ஸ்டீம் எஞ்சினையே வெச்சுட்டேன். ரயில் போற வழியில ரைஸ் மில் மாதிரி. தண்ணி ஊத்தி ஸ்பிரிட் விளக்கை ஏத்தினா சக்கரம் பிச்சுக்கிட்டு சுத்துது. ஆவி வருது. விசில் வேற! சீனரின்னா இதுதான்யா சீனரி" என்று ஒரே குதூகலம். நான் "வேணாம் சாமி, எடுத்துடுங்க" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மலை மேலயே தீ வைக்கிற ஊர்க்காரன் நீ, ஒரு ஸ்பிரிட் விளக்குக்குப் பயப்படறியா?" என்று மடக்கினார். போனில் எனக்கு உடனே பதில் வரவில்லை. (நல்ல பதில் எல்லாம் போனை வைத்த பிறகு குளிக்கும்போதுதானே வரும்.) அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே தப்பை நானும் செய்து சூடு பட்டவன். சூடு பட்டது நான் இல்லை என்பதுதான் பிரச்னையே. அதை அப்புறம் சொல்கிறேன்.

மாடல் ரயில் லேஅவுட் என்றால் என்ன என்று கொலு வைக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். படிக்கு மேலே தசாவதாரம், கீழே தரையில் பார்க். முளைவிட்ட கேழ்வரகு புல்வெளி, கண்ணாடித் துண்டு குளம், செட்டியார் பொம்மை கடை, சுற்றி ஒரு சாவி கொடுக்கும் ரயில். வெள்ளைக்காரன் இதையே அளவுகோல் வைத்துச் செய்கிறான், அவ்வளவுதான். ஹெச்.ஓ. என்பது 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். உலகத்தில் அதிகம் பேர் வைத்திருப்பது இந்த அளவுதான், என்னிடம் இருப்பதும் அதுதான்.

எங்கள் வீடு திருவண்ணாமலை. பொட்டி தட்டும் வேலை பெங்களூரில் என்றாலும், நவராத்திரிக்கு ஆணி புடுங்குவதை நிறுத்திவிட்டு பஸ் ஏறிவிடுவேன். சில வருஷம் முன்னாடி கொலுவுக்குக் கீழே எங்கள் ஊர் ஸ்டேஷனையே கட்டினேன். 1896 செப்டம்பர் 1-ம் தேதி மதுரையிலிருந்து கிளம்பி வந்த வெங்கட்ராமன் என்ற பதினாறு வயசுப் பையன் வந்து இறங்கினானே, பின்னால் ரமண மகரிஷி ஆனாரே, அந்த ஸ்டேஷன். அந்தக் கதையில் ஒரு ரயில்வே விஷயம் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் பழைய அட்லஸைப் பார்த்து, பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று நினைத்து அதற்கு டிக்கெட் எடுத்துவிட்டார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே லைன் போட்டிருக்கிறார்கள் என்பது அந்த அட்லஸுக்குத் தெரியாது. வண்டியில் கூட வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்தது. கடைசியில் கொஞ்ச தூரம் நடந்து, திருக்கோவிலூரிலிருந்து மறுபடி ரயில் பிடித்து வந்து சேர்ந்தார்.

அந்த லைன் மீட்டர் கேஜ். ஹெச்.ஓ. கணக்கில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். என்னிடம் இருந்தது 16.5. கண்டுக்காதீங்க. மலையும் கண்டுக்காதீங்க. 2668 அடி என்று ஊரே சொல்லும் மலையை 87-ல் வகுத்தால் முப்பது அடிக்கு மேல் வருகிறது. கூரையைப் பிய்த்தாலும் பத்தாது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், அதுவே 160 மீட்டர் ஆகிவிடும். ராஜகோபுரம் மட்டும்தான் மரியாதையாக உள்ளே அடங்குகிறது: 217 அடி, அதாவது ரெண்டரை அடி. மலையை நான் தெர்மோகோலில் மூன்றடிக்குச் செதுக்கி, மரத்தூளை பச்சை சாயத்தில் தோய்த்து ஒட்டியிருந்தேன்.

மலையடிவாரத்தில்தான் அந்த எஞ்சினை வைத்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பித்தளை பாய்லர், ஒரே சிலிண்டர், அஞ்சு சென்டிமீட்டர் சக்கரம். மேலே தகரக் கூரை போட்டு "அரிசி ஆலை" என்று போர்டு. முதல் நாள் ராத்திரி ஓட்டிப் பார்த்தபோது, பெங்களூர் நண்பர் மாதிரியே நானும் குதித்தேன்.

மூன்றாம் நாள் சுண்டலுக்கு வந்த கூட்டம். நான் ஒரு மாமாவிடம் பாயிண்ட் மாற்றுவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எஞ்சின் பாட்டுக்கு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. என் அக்கா பெண்ணுக்கு ஏழு வயசு. தலையாட்டி பொம்மையைத் தொட்டாள், மரப்பாச்சியைத் தொட்டாள், செட்டியார் பொம்மையைத் தொட்டாள், அப்புறம் பாய்லரைத் தொட்டாள். ரெண்டு விரலில் கொப்புளம். அவள் அலறியதில் நான் திரும்பினபோது பட்டுப்பாவாடை நுனி விளக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்த ஒரு சாண் இன்னிக்கும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. ஸ்பிரிட் ஜ்வாலை லேசான நீலம், கொலு சீரியல் லைட் வெளிச்சத்தில் அது எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. அவளுக்கும் தெரியவில்லை.

பிறகு பார்த்தால் மலையும் போச்சு. தெர்மோகோல் கிட்டத்தட்ட தண்ணி கொதிக்கும் சூட்டிலேயே இளக ஆரம்பிக்கிற சரக்கு. விளக்குச் சூடு பட்டு அடிவாரத்தில் ஒரு குகை விழுந்திருந்தது. "விருபாட்ச குகைன்னு சொல்லிக்கோ" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசம். "அவ மேல என்னடா தப்பு? பொம்மைக்கு நடுவுல வெச்சா பொம்மைன்னுதானே நெனைப்பா" என்று மட்டும் சொன்னாள். இந்தப் பதிவோட மொத்த வாதமும் அந்த ஒரு வரிதான். மீதி எல்லாம் நான் எஞ்சினியரிங் படித்த தோஷத்துக்குச் சேர்க்கிற கணக்கு.

சரி, கணக்கு.

நண்பரின் முதல் வாதம்: "தத்ரூபமா இருக்கு." இல்லைங்க. அஞ்சு சென்டிமீட்டர் சக்கரம் 87 மடங்கு பெரிசானால் 4.35 மீட்டர். நிஜமான மில் எஞ்சினில் அந்த அளவு சக்கரம் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் அது நிமிஷத்துக்கு அறுபது, எண்பது, மிஞ்சினால் நூறு சுற்றுதான் சுற்றும். நம்ம பொம்மை எஞ்சின் லோடு இல்லாமல் ஆயிரத்து ஐநூறு சுற்றும். 4.35 மீட்டர் சக்கரம் அந்த வேகத்தில் சுற்றினால் அதன் விளிம்பு செகண்டுக்கு 340 மீட்டர் போகும். ஐயா, அது ஒலியின் வேகம்! வார்ப்பிரும்பு சக்கரத்தை செகண்டுக்கு முப்பது மீட்டருக்கு மேல் விடாதே என்பது பழைய எஞ்சினியர்கள் கைக்கொண்ட கணக்கு. உங்கள் ரைஸ் மில் ஸ்டேஷனோடு சேர்ந்து எப்பவோ சிதறியிருக்க வேண்டும். பக்கத்தில் ரயில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக ஊர்கிறது, மில் சக்கரம் ஜெட் விமானம் மாதிரி பறக்கிறது. இதற்குப் பேர் தத்ரூபமா?

விளக்கு ஜ்வாலை மூன்று சென்டிமீட்டர். 87 மடங்கு போட்டால் ரெண்டரை மீட்டருக்கு மேல், ஆளை விட உயரம். சேஃப்டி வால்வு மூடி அண்டா சைஸ். ஆவியும் அப்படித்தான். நீராவித் துளியை 87-ல் ஒரு பங்காகச் செய்ய யாராலும் முடியாது. தண்ணிக்கு அளவுகோல் தெரியாது, தீக்கும் தெரியாது. சுருக்கமாகச் சொன்னால், அது அளவுக்குச் செய்த மாடலே இல்லை. அது ஒரு சின்ன நிஜ எஞ்சின். ரெண்டும் வேற வேற.

அடுத்த வாதம்: "உயிர் இருக்கு." இது எனக்கும் பிடித்த வாதம். உயிர் இருப்பதால்தான் அதை சீனரியாக வைக்கக் கூடாது என்கிறேன். சீனரி என்றால் வைத்துவிட்டு மறந்துவிடுகிற பொருள். மரம், கிணறு, டீக்கடை, நாய். அது பாட்டுக்கு இருக்கும், கண் ரயிலைப் பார்க்கும். பாய்லரை அப்படி மறக்க முடியுமா? தண்ணி எவ்வளவு இருக்கிறது, விளக்கு எரிகிறதா, வால்வு ஒட்டிக்கொண்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணி வற்றி, அடியில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தால், ஈயப்பற்று வைத்த பாய்லரில் பற்று இருநூறு டிகிரியைத் தொடுவதற்கு முன்னாடியே உருகிவிடும். ஒரு கையில் ரயில் கன்ட்ரோலர், ஒரு கண்ணில் பாய்லர், நடுவில் சுண்டல் கேட்கும் மாமா. என்னால் முடியவில்லை. உங்களால் முடியும் என்றும் நான் நம்பவில்லை.

பெரிய ரயிலிலேயே பாருங்களேன். நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து போயிருக்கிறீர்களா? 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் ஏற்றம், நடுவில் பல்சக்கரத் தண்டவாளம். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அஞ்சு மணி நேரம். ஹில்குரோவில் வண்டி நின்று எஞ்சின் தண்ணி குடிக்கும். மொத்த ஜனமும் இறங்கி, யானைகள் நடமாடும் காட்டையும் பள்ளத்தாக்கையும் விட்டுவிட்டு, எஞ்சின் தண்ணி குடிப்பதைத்தான் வேடிக்கை பார்க்கும். அவ்வளவு பெரிய மலையே அங்கே சீனரி ஆகிவிடுகிறது. நீராவிக்கு அந்த மரியாதையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அதுவே வாங்கிக்கொள்ளும். அதைக் கொண்டுபோய் டீக்கடை பொம்மைக்குப் பக்கத்தில் ஓரமாக உட்காரவைப்பது... என்ன கொடுமை சார் இது?

பழைய காலத்திலும் இந்த விவரம் இருந்தது. ஜெர்மனியில் நியூரம்பெர்க் பக்கம் நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடி பொம்மை நீராவி எஞ்சின்களை ஏராளமாகச் செய்தார்கள். கூடவே தகரத்தில் குட்டி ரம்பம், சுத்தியல், சாணைக்கல் எல்லாம் விற்றார்கள். நூல்கயிறு பெல்ட் போட்டு எஞ்சினால் அதையெல்லாம் ஓட்டலாம். கவனியுங்கள், அங்கே எஞ்சின்தான் ஹீரோ. சுற்றி இருப்பதெல்லாம் அதற்கு வேலை கொடுக்க. 2003-ல் ஹார்ன்பி கம்பெனி மல்லார்ட் எஞ்சினை டபுள் ஓ அளவில் நிஜ நீராவியில் ஓடவிட்டது. அதிலும் உட்கார்ந்து எழுந்திருக்க யோசித்துத்தான் செய்தார்கள்: தீயே கிடையாது. தண்டவாளத்தில் வரும் மின்சாரத்தை வைத்து டெண்டருக்குள் தண்ணியைக் கொதிக்க வைத்தார்கள். அதுவும் ஓட்டுகிற வண்டி, ஓரத்தில் நிற்கிற மில் இல்லை.

நம்ம ஊர் திருவிழாக் கடையில் 'டபடப'ன்னு சத்தம் போட்டு ஓடும் தகரப் படகு விற்பார்களே? உள்ளே ஒரு தம்மாத்தூண்டு பாய்லர், கீழே எண்ணெய்த் திரி. அதுவும் நிஜ நீராவிதான். கடைக்காரர் அதை என்ன செய்வார்? தனியாக ஒரு பேசினில் தண்ணி ஊத்தி நடுவில் விடுவார். மற்ற பொம்மையெல்லாம் தள்ளி இருக்கும். கூட்டம் பேசினைச் சுத்தி நிற்கும். படிக்காத மேதை அவர். நான் நாலு வருஷம் எஞ்சினியரிங் படித்துவிட்டு தெர்மோகோலுக்கும் மரத்தூளுக்கும் நடுவில் தீயை வைத்தேன்.

எண்ணெய் சமாச்சாரத்தை மறந்துட்டேனே. சிலிண்டருக்குப் போடும் எண்ணெய் ஆவியோடு கலந்து வெளியே வந்து, தண்டவாளத்தின் மேல் மெல்லிய படலமாகப் படியும். எலெக்ட்ரிக் ரயில் சக்கரம் வழியாகத்தான் கரண்ட் எடுக்கிறது. ரெண்டாம் நாளே என் ரயில் விக்கல் எடுத்து எடுத்து ஓடியது. காரணம் புரியாமல் கன்ட்ரோலரைக் கழற்றிப் போட்டு ஒரு ராத்திரி பாழ்.

இன்னொன்று சொன்னால் நண்பருக்கு இன்னும் கோபம் வரும். ரைஸ் மில்லே தப்பு. எங்கள் பக்கம், ஆரணி, போளூர், களம்பூர் எங்கும் ரைஸ் மில்தான். நான் உள்ளே போய்ப் பார்த்த மில்லில் எல்லாம் நீராவிக்கு ஒரே வேலை, நெல்லை வேகவைப்பது. உமியைப் போட்டு எரிக்கும் பாய்லர், அதிலிருந்து குழாய் வழியாக ஆவி நெல் தொட்டிக்குப் போகும். மெஷினைச் சுற்றுவது கரண்ட் மோட்டார். நீராவியில் சுத்துற பெரிய சக்கரம் எல்லாம் எவனோ லங்காஷயர் பஞ்சு மில் படத்தைப் பார்த்து நாம காப்பி அடிச்சது. ஆரணி மில்லை லேஅவுட்டில் வைக்க ஆசையா? உயரமான புகைபோக்கி வையுங்கள். முன்னால் பெரிய சிமென்ட் களம், அதில் பொன் நிறத்தில் நெல், காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டே நடக்கும் நாலு பொம்பளைங்க. ஓரமாகக் கறுப்பு உமிச்சாம்பல் குவியல். அந்தச் சாம்பல் குவியலைப் பார்த்த உடனே எங்க ஊர்க்காரன் "அட, இது நம்ம மில்லு" என்பான். ஒலி வேகத்தில் சுத்தும் சக்கரத்தைப் பார்த்து எவனும் அப்படிச் சொல்ல மாட்டான்.

சக்கரம் சுத்தியே தீரணும் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அறுபது ஆர்பிஎம் கியர் மோட்டார் கிடைக்கும். எஞ்சினியரிங் படித்தவனில் பாதிப் பேர் ரோபோ செய்கிறேன் பேர்வழி என்று வாங்கினது, வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கும். அதை மாட்டுங்கள். புகை வேண்டுமா, எண்ணெயைச் சூடாக்கிப் புகைவிடும் குட்டி யூனிட் மாடல் ரயில்காரர்களுக்கென்றே விற்கிறார்கள். "அது போலி" என்பீர்கள். லேஅவுட்டில் எதுதான் போலி இல்லை? மரம் ஸ்பாஞ்ச், குளம் கண்ணாடி, மலை தெர்மோகோல். எல்லாமே பொய் சொல்லும் இடத்தில் ஒன்று மட்டும் நிஜமாகச் சுட்டால், சுடுவது தெரியாத பிள்ளைதான் மாட்டும்.

எனக்கு நீராவி மேல் வெறுப்பு என்று நினைக்காதீர்கள். 1855-ல் லீட்ஸ் நகரத்தில் கட்டின ஈ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சின், ஓட்டம் முடிந்து நூறு வருஷம் போல வெறும் காட்சிப்பொருளாக நின்றது. பெயின்ட் அடித்து, மேடை கட்டி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள. 2010-ல் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்காரர்கள் அதைப் பிரித்து மேய்ந்து, ஆகஸ்ட் 15 அன்னிக்கு சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு நீராவியில் ஓட்டினார்கள். சீனரியாக இருந்ததை எஞ்சினாக மாற்றினவர்கள் அவர்கள். நாம எஞ்சினாக இருப்பதை சீனரியாக மாற்றுகிறோம். எனக்கு வலிப்பது அங்கேதான்.

அளவு பெரிசானால் கதை வேறு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தோட்டத்தில் போடும் ரயில்களுக்கு 45 மில்லிமீட்டர் தண்டவாளம். 22.5-ல் ஒரு பங்கு என்று வைத்தால் அது அச்சு அசல் மீட்டர் கேஜ், எங்க பழைய லைன். அந்த அளவில் நிஜ நீராவி வண்டிகளே ஓடுகின்றன. வெட்டவெளி, கருங்கல் ஜல்லி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணி, கூடவே நடக்கும் ஓட்டுநர். அங்கே யாரும் பாய்லரை பொம்மை என்று நினைக்க வாய்ப்பே இல்லை. அதற்கு எனக்கு எந்த ஆட்சேபணையும் கிடையாது, பொறாமை மட்டும் உண்டு.

இப்போ அந்த மலைத் தீ கேள்விக்கு வருகிறேன். ஆமாம், நான் மலை மேல் தீ வைக்கும் ஊர்க்காரன்தான். கார்த்திகை தீபத்தன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க ஊரில் என்ன நடக்கும் தெரியுமா? லட்சக்கணக்கான ஜனம், மொட்டை மாடி முழுக்க, தெரு முழுக்க, ஒரே திசையைப் பார்த்து நிற்கும். டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிடுவார். மேலே கொப்பரைக்குப் பக்கத்தில் பர்வதராஜ குலத்தார் இருப்பார்கள். ஏற்றிவிட்டு இறங்கிப் போய்விடுகிற வேலை இல்லை அது, தீபம் பதினோரு நாள் எரியும், நெய்யும் திரியும் கொண்டுபோய்ப் போட்டு ஆள் இருந்து பார்த்துக்கொள்வார்கள். அந்த ஜோதியை எதற்காவது ஓரமாக, அழகுக்காக வைத்திருக்கிறோம் என்று யாராவது சொல்லிப் பாருங்கள், ஊருக்குள் நடமாட முடியாது. நான் தீக்குப் பயப்படவில்லை, நண்பரே. எங்க ஊரில் தீயை எப்படி வைப்பார்கள் என்று தெரிந்துதான் பேசுகிறேன்.

என் எஞ்சினை நான் விற்கவில்லை. ஊருக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கடப்பாக்கல் மேல் வைத்து ஓட்டுவேன். ரயில் கிடையாது, மலை கிடையாது, அரிசி ஆலை போர்டு கிடையாது. அக்கா பெண் இப்போ பெரியவளாகிவிட்டாள். விளக்கை அவள்தான் ஏற்றுவாள், கையுறை போட்டுக்கொண்டு. "மாமா, தண்ணி பாத்தியா?" என்று மூன்று தடவை கேட்காமல் வால்வைத் திறக்க மாட்டாள்.

டிஸ்கி: குகை விழுந்த மலை இன்னும் பரணில் இருக்கிறது. பெங்களூர் நண்பர் கேட்டால் பஸ்ஸில் போட்டு அனுப்பி வைக்கிறேன், அவர் லேஅவுட்டில் அந்த மில்லுக்குப் பின்னாடியே வைத்துக்கொள்ளட்டும்.